வலப்பக்கக் கதவு

மழைத்திரையை ஈரத்தோடு சுருட்டக் கூடாது. சுருட்டினால் மூன்றே நாளில் மடிப்புக்குள் கறுப்புக் கறுப்பாகப் பூஞ்சை பிடித்துவிடும், பிறகு எந்தச் சோப்புக்கும் போகாது. நேற்றுச் சாயங்காலம் உங்கள் காவலர்கள் இரண்டு பேர் அந்தத் திரையைப் படகிலிருந்து கழற்றி, சொட்டச் சொட்டச் சுருட்டி ஜீப்பின் பின்னால் போட்டதைப் பார்த்தேன். வழக்குச் சாமானாம். வழக்குச் சாமான் என்றாலும் துணி துணிதானே. ஒரு மணி நேரம் நிழலில் விரித்துப் போடச் சொல்லுங்கள் ஐயா.

என்னை நாற்காலியில் உட்கார வைத்தீர்கள், டீ வாங்கிக் கொடுத்தீர்கள். ஒரு வார்த்தை அதட்டவில்லை. அதற்கு நன்றி. என் வாக்குமூலத்தை நீங்களே ஒழுங்காகத் தட்டச்சு செய்தும் வைத்திருக்கிறீர்கள். சேரன்மகாதேவிக்கு மேற்கே, ஆற்றில் அணைக்கட்டு மறித்துத் தண்ணீர் தேங்கி நிற்கும் இடத்தில், இன்பமணி என்பவரின் ஆற்றோர விடுதிக்குச் சொந்தமான படகு நேற்று முற்பகல் காற்றில் கவிழ்ந்தது. படகு ஓட்டுநர் பேச்சிராஜ், வயது இருபத்தொன்பது, படகைச் சுற்றிக் கட்டியிருந்த மழைத்திரைக்குள் சிக்கி இறந்தான். திரை தைத்த ரசீத் ஆகிய நான் அவனைக் காப்பாற்ற முயன்றேன். விபத்து. கையெழுத்துப் போட்டால் வீட்டுக்குப் போகலாம் என்றீர்கள்.

போட்டிருப்பேன். ஆனால் அதில் ஒரு வரி இருக்கிறது. "பதற்றத்தில் என் கைகள் நடுங்கியதால் திரையைச் சீக்கிரம் பிரிக்க முடியவில்லை." இந்த வரிக்குக் கீழே நான் கையெழுத்துப் போட மாட்டேன். அதனால்தான் உங்களிடம் வெள்ளைத்தாளும் பேனாவும் கேட்டேன். பத்தாவது வரை படித்தவன், என் கதையை நானே எழுதிக்கொள்வேன்.

என் மனைவி நஸீமா வாசலில்தான் உட்கார்ந்திருக்கிறாள். காலையில் இட்லியைக் கொடுத்துவிட்டுக் கையைப் பிடித்துக்கொண்டாள். "கை நடுங்குச்சின்னு சொல்லிட்டு வாங்களேன். எல்லாருக்குந்தான் நடுங்கும். அதுல நமக்கு என்ன கொறஞ்சு போச்சு?" என்றாள். முப்பத்தோரு வருடம் என்னோடு வாழ்ந்தவளுக்கே தெரியவில்லை, எனக்கு என்ன குறைந்துபோகும் என்று. மேலப்பாளையத்தில் போய்க் கேளுங்கள். லாரிக்குத் தார்ப்பாய், ஆட்டோவுக்குக் கூரை, கடைக்கு முன்சாய்ப்பு, எதுவானாலும் ரசீத் தையல் என்றால் கோடு போட்டது மாதிரி போகும் என்பார்கள். டெங்கு வந்து நூற்று மூன்று காய்ச்சலில் கிடந்தபோதும் எழுந்து உட்கார்ந்து ஒரு பந்தல் படுதாவை முடித்துக் கொடுத்தவன் நான். என் கை நடுங்கியதே கிடையாது.

படகுத் திரை கடையில் வாங்கிக் கொண்டுபோய் மாட்டுகிற சாமான் இல்லை. அது எட்டுப் பேர் உட்காரும் ஃபைபர் படகு. மேலே இரும்புக் குழாயில் நிற்கிற கூரை. அந்தக் கூரை விளிம்பிலிருந்து படகின் விளிம்பு வரைக்கும் நாலு பக்கமும் திரை வர வேண்டும். படகுக்கு நேர்கோடே கிடையாது, முன்னால் ஒடுங்கும், நடுவில் வயிறு தள்ளும். செய்தித்தாளை ஒட்டி ஒட்டி இரண்டு நாள் அச்சு எடுத்தேன். மேலே பச்சைப் படுதா, நடுவில் வெளியே பார்க்கக் கண்ணாடித்தாள், கீழே மறுபடியும் படுதா. இடப்பக்கம் ஒரு கதவு, ஓட்டுகிறவன் உட்காரும் வலப்பக்கம் ஒரு கதவு, இரண்டுக்கும் ஜிப். கீழ் விளிம்பில் வளையம் வளையமாக ஐலெட் அடித்து, அதில் கயிறு கோத்து வெளியே இழுத்துக் கட்டினேன். மாட்டிய அன்று சாரல் வெளுத்து வாங்கியது. இன்பமணி அண்ணாச்சி உள்ளே உட்கார்ந்து இருக்கையைத் தடவித் தடவிப் பார்த்தார். பொட்டு ஈரம் இல்லை.

தைத்துக் கொடுத்ததோடு நான் விட்டுவிடவில்லை. மாதம் ஒரு தடவை பஸ் ஏறிப் போவேன். ஜிப் பல்லில் மெழுகுவர்த்தி தேய்ப்பேன். கண்ணாடித்தாளை நல்ல தண்ணீரும் பழைய பனியன் துணியும் வைத்துத் துடைப்பேன். எங்காவது நூல் நைந்திருந்தால் அந்த இடத்தை மட்டும் பிரித்துப் புதிதாகப் போடுவேன். பிரிப்பது என்றால் கோணூசியால் ஒவ்வொரு தையலாகத் தூக்கி நூலை உருவுவது. சாக்குத் தைக்கிற அந்த ஊசியில் ஒன்று எப்போதும் என் சட்டைக் காலரில் செருகியிருக்கும். நான் துணியில் பிளேடு வைக்க மாட்டேன். அவசரத்தில் தாறுமாறாகக் கீறிவிட்டு வேலையை முடித்தேன் என்று சொல்கிறவனைத் தையல்காரன் என்று நான் எண்ணுவதில்லை.

பேச்சிராஜைப் பற்றி எழுத வேண்டும். கெட்டவன் இல்லை. நான் பஸ்ஸை விட்டு இறங்கினால் ரோட்டுக்கே வண்டியைக் கொண்டுவந்து ஏற்றிக்கொள்வான். ஆற்றிலேயே வளர்ந்தவன். திரை மட்டும் அவனுக்கு ஆகாது.

"படகுக்குக் கொசுவலை கட்டிட்டீரு பாய்," என்பான். "காத்து எங்கனருந்து வருதுன்னே தெரிய மாட்டேங்கு. கண்ணக் கட்டி ஓட்டச் சொன்ன மாதிரில்லா இருக்கு."

சொல்லட்டும், வாய்தானே என்று விட்டேன். கார்த்திகையில் ஒரு நாள் போனபோது வலப்பக்கக் கதவில் மேலிருந்து கீழ் வரைக்கும் ஒரு கிழிசல். அவன் இடுப்பில் எப்போதும் ஒரு கத்தி வைத்திருப்பான், தூண்டில் நரம்பு அறுக்க. அதை வைத்துக் கிழித்திருக்கிறான். ஜிப்பில் மணல் ஏறித் திக்கியதாம்.

"திக்கினா ஜிப் ரன்னரப் பைய பின்னால இழுத்துட்டு முன்னால தள்ளணும்லே," என்றேன்.

"ஒரு அம்மா மூச்சு முட்டுதுன்னு அலறுதாங்க. நான் பைய இழுத்துக்கிட்டு இருக்கவா?" என்று சிரித்தான். "கிழிச்சா தைக்கதுக்குத்தான் நீரு இருக்கீருல்லா, பாய்."

சொல்லிவிட்டு எனக்கு டீயும் வாங்கி வந்தான். குடித்தேன். கிழிசலையும் தைத்தேன், ஒட்டு தெரியாமல். அடுத்த மாதம் போனால் விருந்தாளிகளிடம் அதைக் காட்டிக்கொண்டிருக்கிறான். "இது எங்க பாய் போட்ட ஒட்டு, சொன்னாத்தான் தெரியும்." பாராட்டாகத்தான் சொன்னான், அது எனக்குப் புரியாமலில்லை. ஒரு சொட்டு ஒழுகாத திரையை அவன் ஒருவருக்கும் காட்டியதில்லை. அதில் போட்ட ஒட்டைத்தான் காட்டினான்.

இரண்டாவது தடவை, வெளியே சரியாகத் தெரியவில்லை என்று அதே பக்கம் கிழித்தான். அவன் பெட்ரோலால் துடைத்துத் துடைத்துக் கண்ணாடித்தாளை வெள்ளையாக்கியிருந்தான், பிறகு எப்படித் தெரியும்? மூன்றாவது தடவை நடந்ததை எழுதவே கூச்சமாக இருக்கிறது. கண்ணாடித்தாளில் ஒரு சாண் சதுரத்துக்கு வெட்டியெடுத்துத் தன் செல்போனுக்கு மழையுறை செய்துகொண்டான். அதை என்னிடமே காட்டினான். "எப்பிடி பாய், நானும் உம்ம தொழிலுக்கு வந்துட்டம்லா?" என்றான்.

இன்பமணி அண்ணாச்சியிடம் போய்ச் சொன்னேன். அவர் கணக்குப்பிள்ளையோடு பேசிக்கொண்டே, "விடும் பாய், சின்னப் பய. புதுசா ஒண்ணு தச்சிருவோம்," என்றார். சரி, தைப்போம் என்றேன்.

புதுத் திரையில் நான் சில மாற்றங்கள் செய்தேன். ஒவ்வொன்றையும் அண்ணாச்சியிடம் சொல்லிவிட்டுத்தான் செய்தேன், அவரைக் கேட்டுக்கொள்ளலாம். வருகிற பிள்ளைகள் ஜிப்பைத் திறந்து விளையாடுகிறார்கள், கையை வெளியே நீட்டுகிறார்கள், விழுந்து தொலைத்தால் யார் பதில் சொல்வது என்று கேட்டேன். அவரும், "ஆமா பாய், அதுக பாட்டுக்குத் தலைய வெளிய நீட்டுதுக," என்றார். அதனால் இடப்பக்கக் கதவின் ஜிப்புக்கு உள்பக்கம் பிடியில்லாத ரன்னர் போட்டேன். படித்துறையில் நிற்கிற ஆள்தான் வெளியிலிருந்து திறந்துவிட வேண்டும். படுதாவை இரட்டையாகக் கொடுத்தேன். கண்ணாடித்தாளும் கனமான ரகம், கையால் குத்தினால் கிழியாது. கீழ்க் கயிற்றுக்கு வெளியில் முடிச்சு.

வலப்பக்கக் கதவை எடுத்துவிட்டேன். அதாவது, கதவு இருந்த இடம் அப்படியே இருக்கிறது, ஜிப் கிடையாது. அங்கே இரண்டு துணியையும் சேர்த்துக் கையால் தைத்து மூடிவிட்டேன். அங்குலத்துக்கு ஐந்து தையல், மெழுகு பூசிய இரட்டை நூல். அவன் கிழிப்பது எப்போதும் அந்தப் பக்கம்தான். கதவு இருந்தால்தானே திக்கும், திக்கினால்தானே கிழிப்பான். இதில் தப்பு என்ன இருக்கிறது? அவன்மேல் இருந்த கோபம் எல்லாம் இரண்டு நாளில் போய்விட்டது. தைக்கும்போது என் மனம் தொழுகையில் நிற்கிறது மாதிரி அமைதியாக இருந்தது. அந்தத் தையலைப் பார்த்தீர்களா ஐயா? இந்த ஜில்லாவில் வேறு யாராவது அப்படித் தைத்துக் காட்டட்டும், நான் கடையை மூடிவிடுகிறேன்.

நேற்று ஆடிக் காற்று. பத்தரை மணிக்குத் திரையை மாட்டி முடித்தேன். விருந்தாளிகள் யாரும் இல்லை, அண்ணாச்சி விடுதிக்குள் இருந்தார். எல்லாப் பக்கமும் மூடி ஒரு சுற்றுப் போய்விட்டு வா, சாரல் உள்ளே அடிக்கிறதா பார்க்கலாம் என்று பேச்சிராஜிடம் சொன்னேன்.

அவன் ஆற்றைப் பார்த்தான். "இப்ப வேண்டாம் பாய். நாலு பக்கமும் மூடிட்டுப் போனா படகு காத்தப் பிடிக்கும். ஒத்த ஆளா வேற போவுதேன், கனமும் இல்ல."

அவன் சொன்னது சரிதான். காற்றடிக்கும்போது பந்தலில் பக்கப் படுதாவை அவிழ்த்துவிடுகிறவன் நான், எனக்கா தெரியாது? தெரியும்.

"பயமா இருந்தா வேண்டாம்லே," என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன். சேரன்மகாதேவிப் பக்கத்துப் பையனிடம் தண்ணீரைக் காட்டிப் பயமா என்று கேட்டால் அவன் என்ன செய்வான் என்று உங்களுக்கே தெரியும். உயிர்காப்புச் சட்டையை மாட்டிக்கொண்டு ஏறினான். நான் வெளியிலிருந்து ஜிப்பை இழுத்து மூடினேன். மெழுகு போட்ட ஜிப், சத்தமே இல்லாமல் ஓடியது. கயிற்றையும் இழுத்துக் கட்டினேன்.

நூறடி போயிருப்பான். படகைத் திருப்பியபோது காற்று பக்கவாட்டில் அடித்தது. ஒரு பக்கமாகச் சாய்ந்து, நிமிரப் பார்த்து, முடியாமல் அப்படியே படுத்துவிட்டது. இடப்பக்கக் கதவு தண்ணீருக்கு அடியில் போய்விட்டது. மூடித் தைத்த வலப்பக்கம் மேலே வந்தது. ஃபைபர் படகு என்பதால் முழுகவில்லை. காற்றே அதைப் படித்துறைப் பக்கம் தள்ளிக்கொண்டும் வந்தது. நான் இறங்கினேன், தண்ணீர் நெஞ்சு வரைக்கும்தான். நான் போய்ச் சேரும்போது வலப்பக்கத் திரைக்கு மேலே விரற்கடைத் தண்ணீர் நின்றது. உள்ளே ஒரு மூலையில் மட்டும் கொஞ்சம் காற்று இருந்திருக்கும். உயிர்காப்புச் சட்டை அவனை மேலே தூக்கித் திரையோடு வைத்து அழுத்திக்கொண்டிருந்தது. கண்ணாடித்தாளில் அவன் முகமும் இரண்டு உள்ளங்கைகளும் தெரிந்தன. புதுத்தாள், அவ்வளவு துல்லியம்.

அண்ணாச்சி அதற்குள் ஓடிவந்துவிட்டார். நீச்சல் தெரியாதவர், படியில் நின்றுகொண்டு, "கிழியும் பாய், கிழிச்சு விடும்!" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

"பிரிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன் அண்ணாச்சி," என்றேன்.

காலரிலிருந்து கோணூசியை எடுத்து, மேல்முனை முடிச்சைத் தூக்கி, முதல் தையலைப் பிரித்தேன். பிறகு இரண்டாவது. தண்ணீருக்குள் நூல் ஊறி இறுகியிருந்தது, ஆனாலும் ஒரு தையல்கூட அறுபடவில்லை, துணியில் ஒரு கீறல்கூட விழவில்லை. ஆள் வெளியே வர இருபத்தெட்டு அங்குலமாவது திறக்க வேண்டும். நூற்று நாற்பது தையல். எண்ணிக்கொண்டுதான் பிரித்தேன், எண்ணாமல் எனக்குப் பிரிக்கத் தெரியாது. எழுபத்தொன்றாவது தையலில் அவன் உள்ளங்கை கண்ணாடித்தாளை விட்டு நழுவியது. அதற்கு அர்த்தம் தெரியாத சின்னப்பிள்ளை இல்லை நான். மீதி அறுபத்தொன்பதையும் அதே மாதிரி ஒழுங்காகவே பிரித்தேன்.

இந்தக் கைதான் நடுங்கியது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தத் தையல் வாயைப் பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள் ஐயா. ஓட்டைகள் ஒவ்வொன்றும் ஊசி போன அளவுதான் இருக்கும். நடுங்கின கை அப்படிப் பிரிக்குமா? இன்றைக்கே நூல் கோத்துக் கொடுத்தால் அதே ஓட்டையில் மறுபடியும் தைத்துவிடலாம். என்னைக் கொலைகாரன் என்று எழுதிக்கொள்ளுங்கள், வக்கீலும் வேண்டாம். வேலை தெரியாதவன் என்று மட்டும் எழுதாதீர்கள்.

எழுதியது எழுதிவிட்டேன், உங்கள் தாளில் இன்னொரு பிழையும் இருக்கிறது. அதையும் சொல்லிவிடுகிறேன். "பேச்சிராஜ் உள்ளேயிருந்து கத்திக் கத்திக் கூப்பிட்டான்" என்று போட்டிருக்கிறீர்கள். அண்ணாச்சி காதில் விழுந்தது அப்படி, அவர்மேல் குற்றமில்லை. தூரத்தில், காற்றில் நின்றவர். பக்கத்தில் நின்றவன் நான். அவன் யாரையும் கூப்பிடவில்லை. மூலையில் மிஞ்சிய காற்றில் வாயை வைத்து, "கத்தி, பாய், கத்தி," என்று கேட்டான்.

அந்தக் கத்தியைத்தான் உங்கள் ஆட்கள் நேற்றிலிருந்து ஆற்றுக்குள் முங்கி முங்கித் தேடுகிறார்கள். இடுப்பிலேயே கத்தி வைத்திருக்கிறவன் ஏன் கிழித்துக்கொண்டு வெளியே வரவில்லை என்று நீங்களும் என்னிடம் இரண்டு தடவை கேட்டீர்கள். அவர்களைக் கரையேறச் சொல்லுங்கள், தண்ணீர் குளிர்ந்து கிடக்கிறது. படகில் ஏறுவதற்கு முன்னால், நூல் அறுக்க வேண்டும் என்று நான்தான் அதை அவனிடம் வாங்கினேன். "பாத்து பாய், கூரு ஜாஸ்தி," என்று பிடிப்பக்கமாகத் திருப்பிக் கொடுத்தான். நூல் எதையும் அறுக்கவில்லை, சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். கண்ணாடித்தாளுக்கு மேலே குனிந்து பிரித்துக்கொண்டிருந்தபோதும் அது பையில்தான் இருந்தது, அவன் உள்ளேயிருந்து அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். வீட்டில் ஈரச்சட்டையை மாற்றும்போது இந்தச் சட்டையின் பைக்கு மாற்றி வைத்துக்கொண்டேன். சாட்சி சொல்ல வந்தவனை இங்கே யாரும் சோதிக்கவில்லை.

மேசைமேல் வைத்திருக்கிறேன், எடுத்துக்கொள்ளுங்கள். நேற்று அவன் கேட்டபோது கொடுத்திருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். கொடுத்திருந்தால் நான்காவது தடவையும் கிழித்திருப்பான்.